செத்த கடன் பிழைத்த சித்திரை

எங்கள் தெருக் கடைக்காரர்கள் எனக்குக் கஞ்சப் பிசினாரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வங்காளிப் புத்தாண்டு நெருங்கும்போது அரிசிக்கடை, துணிக்கடை, நெய்க்கடை எல்லாவற்றிலிருந்தும் சிவப்புக் கரை போட்ட அழைப்பு எனக்கும் வரும். நான் ஒன்றுக்கும் போவதில்லை. போனால் பழைய பாக்கியில் ஒரு ரூபாயாவது வைக்க வேண்டும், புதுக் கணக்குப் புத்தகத்தில் பெயர் ஏற வேண்டும், பதிலுக்கு ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு கிடைக்கும். ஹால்கத்தா என்பார்கள் இந்த விசேஷத்தை. "ஒரு ரூபாய்க்குப் பயந்து ஒளிகிறார் பிள்ளைபாபு" என்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு எந்தக் கடையிலும் பாக்கி கிடையாது. உப்பு முதல் ரொக்கம்தான்.

அலிப்பூரில் நான் விட்டுவந்த வக்கீல் குமாஸ்தா நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பையன் போன வாரம் வந்திருந்தான். "தண்டல்காரங்க இப்பல்லாம் டைப் அடிச்சு நோட்டீஸ் விடறாங்க சார். காலாவதியான கடனுக்குக்கூட விடறாங்க. உங்க காலத்துல எப்படி? நம்ம சங்க மலருக்கு எழுதுங்களேன்" என்றான். எழுதுகிறேன். படித்துவிட்டு, ஏன் கேட்டோம் என்று நினைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

டிராம் வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டு மின்சாரத்தைப் பூட்டிய புதுசில் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தேன். ஒரு கம்பெனியில் வேலை என்று சொல்லி அழைத்துவந்த உறவுக்காரர் ஹௌராவில் இறங்கியதும் காணாமல் போனார். அந்தக் கதை இங்கே வேண்டாம். வங்காளி எழுத்தைக் கடைப்பலகைகளைப் பார்த்தே படித்தேன். கார்டன் ரீச் ஜெட்டியில் மூட்டைக்குச் சீட்டு எழுதினேன். அப்புறம் ஹேமந்தபாபுவிடம் வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு வேறு எங்கும் போகவில்லை.

ஹேமந்தபாபு அலிப்பூர் முன்சீப் கோர்ட்டில் கடன் வழக்குகளுக்குப் பேர்போன வக்கீல். கட்சிக்காரன் எதிரே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பான். இவர் சாய்வுநாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு வெற்றிலை மெல்வார். தூங்குகிறாரோ என்று எனக்கே பல தடவை சந்தேகம் வந்ததுண்டு. அவன் அம்மா நோய், தம்பி துரோகம், மாடு செத்தது என்று எல்லாம் சொல்லி முடித்ததும் கண்ணைத் திறக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "கபே?" எப்போது? அவ்வளவுதான். தேதியைச் சொல், கதையை அப்புறம் கேட்கிறேன் என்று அர்த்தம்.

தேதி வந்ததும் என் முறை. கடன் வாங்கிய நாள், கடைசியாகப் பணம் கட்டிய நாள், கட்டியதைக் கடன்பட்டவனே தன் கையால் எழுதினானா, நடுவில் ஏதாவது கடுதாசி போட்டானா, இத்தனையும் நான் துருவ வேண்டும். பிறகு அவர் மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவார். சாதாரணக் கைமாற்றுக்கும் கடைப்பாக்கிக்கும் மூன்று வருஷம்தான் ஆயுசு. அதற்குள் பிராது போடாவிட்டால் கோர்ட்டைப் பொறுத்தவரை அந்தக் கடன் செத்தது. "பிரதிவாதி வாயைத் திறக்காவிட்டாலும் முன்சீப்பே தள்ளுபடி செய்தாக வேண்டும். ஆனால் பிள்ளை, செத்த கடனை எழுப்புகிற மந்திரம் ஒன்று இருக்கிறது. கடன்பட்டவனின் கையெழுத்து" என்பார். கடனாளி கட்சிக்காரர் ஒவ்வொருவரையும் போகும்போது நிற்கவைத்துப் பாடம் ஒப்பிப்பதுபோல் மூன்றையும் சொல்லவைப்பார்: "ஸொய் நொய், பொய்ஷா நொய், கொத்தா நொய்." கையெழுத்து இல்லை, காசு இல்லை, பேச்சு இல்லை. பெரிய மனிதர், சின்ன மனிதர் என்று பார்க்க மாட்டார். ஒரு ஜமீன்தாரே வாசற்படியில் நின்று ஒப்பித்ததைப் பார்த்திருக்கிறேன்.

நம்மவர்களுக்குத்தான் இந்தப் பாடம் ஏறவே ஏறாது. பாங்கில் பெரிய உத்தியோகத்திலிருந்த ஒருவர், பெயர் எதற்கு, மூன்று வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கடன் கொடுத்தவருக்கு ஒரு கார்டு போட்டார். 'தங்கள் பணம் எங்கும் போய்விடாது. பூஜைக்கு அப்புறம் அவசியம் தீர்த்துவிடுகிறேன்' என்று அழகான இங்கிலீஷில் எழுதி, சுழித்துக் கையெழுத்தும் போட்டிருந்தார். அந்தக் கார்டைப் பார்த்து எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நின்று கும்பிட்டார். கடனுக்கு இன்னும் மூன்று வருஷம் கூடிவிட்டது. "ஏன் சார் எழுதினீங்க?" என்று கேட்டேன். "மூணு கடுதாசி போட்டுட்டான் பிள்ளை. பதில் எழுதலேன்னா மரியாதையா இருக்குமோ?" என்றார். இந்த மரியாதை நம் ஜனங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

தண்டல்காரர்களில் கத்துகிறவன், கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் குந்துகிறவன், இவர்களுக்கெல்லாம் நான் பயந்ததில்லை. கத்துகிறவன் தொண்டை கட்டினால் போய்விடுவான். நான் பயந்தது நிதாய்பாபு ஒருவருக்குத்தான். மெலிந்த ஆள். எப்போதும் குடை வைத்திருப்பார், யாரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவார். கடைக்காரன் செத்துக் கடை மூடினால், வாரிசுகளிடம் போய் அந்தக் கடையின் பழைய பாக்கிகளை மொத்தமாக அடிமாட்டு விலைக்கு வாங்குவார். அவற்றில் முக்கால்வாசி காலாவதியானவை என்பது அவருக்கும் தெரியும். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரிப்பார். கடனைப் பற்றிப் பேசவே மாட்டார். எங்கள் ஆபீசுக்கும் வந்து, "பிள்ளைபாபு, இந்த அலிப்பூரில் பொய் சொல்லாத ஆள் நீங்கள் ஒருவர்தான்" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போவார். எரிச்சலாக வரும்.

சொக்கலிங்கம் பிள்ளை எங்கள் ஊர்க்காரர். கார்டன் ரீச்சில் ஒரு கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க். பாலிகஞ்ச் அப்போது குளமும் பனைமரமுமாகக் கிடந்தது. ரயில் ஸ்டேஷனுக்கு அப்பால் ஒரு துண்டு நிலம் வாங்கி மூன்று அறையில் ஓட்டு வீடு கட்டினார். வாடகை வீட்டிலேயே காலந்தள்ளிய எங்களுக்கெல்லாம் அது ஒரு பெருமை. உத்தரமும் சட்டமும் கதவும் ஆதிகங்கைக் கரையில் ஒரு மரக்கடையில் கடனுக்கு எடுத்தது. பாதி கட்டினார். அப்புறம் நெஞ்சுவலி வந்து, வைத்தியத்துக்கு இருந்ததெல்லாம் போய், ஒருநாள் ஆபீசிலேயே சாய்ந்துவிட்டார். அவர் சம்சாரம் கோமதிக்கு மிச்சமானது அந்த வீடும் ஒரே மகள் உலகம்மாவும்தான். இரண்டு அறையை வாடகைக்கு விட்டு ஒரு அறையில் இருந்துகொண்டார்கள்.

உலகம்மா வங்காளிப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சரளம். டிராமில் கூட்டிப் போனால் ஒரு கடைப்பலகையை விடமாட்டாள். எல்லாவற்றையும் உரக்க வாசித்து, அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். "ஏ, போதும் உலகா, எல்லாரும் பாக்காங்க" என்று கோமதி அதட்டுவாள். முகத்தில் பெருமை தாங்காது.

மரக்கடைக்காரர் இறந்து கடை மூடியது. பாக்கி நிதாய்பாபு கைக்குப் போனது. அவர் குடையோடு பாலிகஞ்சுக்கு வந்து, "பௌதி, சௌக்கியமா?" என்று அண்ணி முறை சொல்லி விசாரித்துவிட்டுப் போன மறுநாளே கோமதி மகளையும் அழைத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். நான் ஹேமந்தபாபு முன்னால் நிறுத்தினேன். அவர் "கபே?" என்றார். சொன்னோம். கடைசியாகப் பணம் கட்டி நாலு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு கடுதாசி கிடையாது, ஒரு கையெழுத்து கிடையாது. அவர் கண்ணைத் திறந்து சிரித்தார். அது அபூர்வம்.

"செத்துவிட்டது அம்மா. உங்கள் வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொட முடியாது."

நான் தமிழில் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணாச்சி, கடன் செத்துட்டுங்காங்க. நான் படுத்தா மேல அந்த உத்தரம்லா தெரியுது. அதுக்குப் பாதிதான் குடுத்திருக்கு."

"தங்கச்சி, அதெல்லாம் யோசிக்காதீங்க. இப்ப வந்திருக்கவன் அந்த மரக்கடைக்காரன் இல்ல. சாக்கடைல விழுந்த காசப் பொறுக்க வந்தவன். கையெழுத்துப் போட்டா வீடு போயிரும். பிள்ளையக் கூட்டிட்டு எங்க போவீங்க?"

ஹேமந்தபாபு அவளையும் ஒப்பிக்கவைத்தார். ஸொய் நொய், பொய்ஷா நொய், கொத்தா நொய். திக்கித் திக்கிச் சொன்னாள். உலகம்மா பக்கத்தில் நின்று உச்சரிப்பைத் திருத்தினாள். "எந்தக் காகிதத்துலயும் போடக்கூடாது, என்ன?" என்று நானும் ஒருதரம் சொன்னேன். "போடமாட்டேன் அண்ணாச்சி" என்றாள்.

அப்புறம் பல மாதம் நிதாய்பாபு தலைகாட்டவில்லை. நான் மறந்தே போனேன்.

சித்திரை வந்தது. நமக்கு வருஷப்பிறப்பு ஒரு நாள் முந்தி, இவர்களுக்கு மறுநாள். கோமதி வேப்பம்பூப் பச்சடி வைத்து எனக்கும் கொடுத்துவிட்டாள். மறுநாள் அவள் வீட்டுக்குச் சிவப்புக் கரை போட்ட அழைப்போடு நிதாய்பாபுவின் மனைவியே நேரில் வந்திருக்கிறாள். நெற்றியில் குங்குமம் இட்டுக்கொள்ள முடியாதவளை ஒரு சுபகாரியத்துக்கு யார் இந்த ஊரில் வருந்திக் கூப்பிடுகிறார்கள்? கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே மாவிலை, வாழைக்கன்று, பிள்ளையார், லட்சுமி. விடியற்காலையில் காளிகாட்டுக்குக் கொண்டுபோய்ச் செந்தூரம் வைத்து வாங்கிவந்த புதுப் புத்தகம் சிவப்புத் துணி அட்டையோடு பூவுக்கு நடுவே இருந்தது. பக்கத்தில் மரக்கடையின் பழைய புத்தகம். நிதாய்பாபு அதைத் திறந்து சொக்கலிங்கம் பிள்ளையின் பெயரைக் காட்டினார். "பௌதி, அண்ணன் பெயர் இதில் கிடப்பது எனக்கே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. புத்தாண்டும் அதுவுமாகப் புதுப் புத்தகத்துக்கு மாற்றிவிட்டால் இதிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடலாம்" என்றார். அதோடு விடவில்லை. "நான் சொல்வதை நம்ப வேண்டாம். கண்ணே, நீ வாசித்து அம்மாவுக்குச் சொல்லு" என்று உலகம்மாவிடம் புதுப் பக்கத்தைக் காட்டினார். உலகம்மா கணீரென்று வாசித்தாள். தமிழிலும் சொன்னாள். 'என் கணவர் வைத்த பழைய பாக்கியை, அந்த வீட்டை வைத்திருக்கும் நான் வட்டியுடன் தீர்ப்பேன்.' இருந்தவர்கள் எல்லாம் பிள்ளையின் வாசிப்பைப் புகழ்ந்தார்கள். கோமதி ஒரு ரூபாய் வைத்து, தமிழில் கையெழுத்துப் போட்டாள். சந்தேஷ் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள்.

எனக்குத் தெரிந்தது சம்மன் வந்த பிறகுதான். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே தங்கச்சி, எந்தக் காகிதத்துலயும் போடாதீங்கன்னு!"

"காகிதம் இல்லியே அண்ணாச்சி" என்றாள் அவள். "சாமி கிட்ட வச்சு எடுத்த புஸ்தகம்லா அது. செந்தூரம்லாம் வச்சிருந்துது. அதைக் கோர்ட்டுக்குத் தூக்கிட்டு வருவாங்கன்னு நான் கண்டேனா?"

காகிதம் என்று சொன்னவன் நான். சாமிக்கு வைத்த புத்தகத்திலும் போடாதே என்று சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, ஹேமந்தபாபுவுக்கே தோன்றவில்லை. அவர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கணவன் வைத்த காலாவதியான கடனை மனைவி தீர்க்க ஒப்புக்கொண்டால் இந்து சட்டம் அதைப் புண்ணியம் என்று சொல்லும், குறுக்கே நிற்காது என்றார். ஒரே ஒரு வழி இருந்தது. "வங்காள எழுத்துத் தெரியாத பெண். என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் போட்டுவிட்டேன் என்று கூண்டில் சொல்லட்டும். வீடு தப்பும்."

நான் அதை அப்படியே கோமதிக்குச் சொன்னேன். அவள் மறுத்துத் தலையாட்டினாள். "உலகா வாசிச்சாளே, அண்ணாச்சி."

"வாசிச்சா. அதை இப்ப யாரு கேட்டா?"

"அவளும் கோர்ட்டுல உக்காந்திருப்பாள்லா. என் மக வாசிச்சத வாசிக்கலன்னு அவ முகத்தப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்லுவேன்?"

பிள்ளையை அழைத்து வராதீர்கள் என்றேன். தனியாக விட்டுவர இடமில்லை என்று கூட்டிக்கொண்டு வந்தாள்.

கோர்ட்டில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் கிடையாது. பிரதிவாதி வக்கீலின் குமாஸ்தாவை வைத்துக்கொள்ள எதிர்த்தரப்புக்கு ஆட்சேபம் உண்டா என்று முன்சீப் கேட்டார். ஆட்சேபம் சொல்வார்கள் என்று பார்த்தேன். நிதாய்பாபு தன் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். வக்கீல் எழுந்து, "பிள்ளைபாபு சொல்வதை நாங்கள் அப்படியே ஏற்கிறோம்" என்றார். எனக்குச் சத்தியப்பிரமாணம் செய்துவைத்தார்கள். அந்த நிதாய்பாபுவுக்கு ஆட்களைத் தெரியும். யாரை எதைக்கொண்டு கட்ட வேண்டும் என்று தெரியும்.

கோமதி கூண்டில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். கையெழுத்து அவளுடையதுதான் என்றாள். அடுத்த கேள்வியை முன்சீப்பே கேட்டார். நல்ல மனுஷர், தப்பிக்கட்டும் என்றுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். நான் தமிழில் சொன்னேன்.

"அந்தப் பக்கத்துல என்ன எழுதியிருந்துதுன்னு, கையெழுத்துப் போடுறப்ப உங்களுக்குத் தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள்.

"தெரியும்யா. எம் மக வாசிச்சுச் சொன்னா."

மண்டபம் முழுக்க என் வாயைப் பார்த்தது. அவள் என்ன சொன்னாள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஹேமந்தபாபு பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர், நானும் அந்தப் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்த குழந்தையும். 'தெரியாது' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வீடு நின்றிருக்கும். சொல்ல எனக்கு வாய் வந்திருக்கும். ஆனால் அவள் தன் வீட்டைக் கொடுத்து வாங்கிய வார்த்தையை நான் யார் மாற்ற? அவள் சொன்னதை அப்படியே வங்காளத்தில் சொன்னேன். உலகம்மா, சரியாகச் சொன்னீர்கள் என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கோமதிக்கு எதிராக டிக்கிரி ஆயிற்று. வெளியே வந்ததும் ஹேமந்தபாபு என் தோளில் கை வைத்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

வீடு ஜப்தியாகி ஏலத்துக்கு வந்தது. கோர்ட்டு அமீனா தமுக்கடித்தபோது பக்கத்து வீட்டு வங்காளி மாஷிமா கோமதியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோமதி அழவில்லை. வெளியே வரும்போது நிலைப்படியில் நின்று ஒருதரம் உத்தரத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். பவானிபூரில் ஒரு சந்தில் அறை பார்த்துக் கொடுத்தேன். நம்மவர்கள் நடத்திய மெஸ்ஸில் சமையல் வேலை கிடைத்தது. சொக்கலிங்கம் பிள்ளை உயிரோடிருந்தபோது அந்த மெஸ்காரர்கள் அவர் வீட்டுக்கு விருந்துக்கு வருவார்கள்.

அடுத்த பங்குனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்த அறையில் இருந்தபோது குடையோடு நிதாய்பாபு வந்தார். கையில் மரக்கடையின் பழைய புத்தகம். "பௌதி, சொன்ன சொல் தவறமாட்டேன்" என்று தரையில் உட்கார்ந்து, சொக்கலிங்கம் பிள்ளையின் பெயர் இருந்த பக்கத்தைத் திறந்தார். சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்து, ஓரத்தில் இரண்டு சொல் எழுதினார். ஊதிக் காயவைத்து உலகம்மாவிடம் நீட்டினார். "வாசி, கண்ணே."

உலகம்மா தாழ்ந்த குரலில் வாசித்தாள். "ஸ்ரீ சொக்கலிங்கம் பிள்ளை. பாக்கி இல்லை."

கோமதி அந்தக் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். அவர் குடித்தார். எனக்கு அந்த ஆளை என்ன செய்தால் தகும் என்று தெரியவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவனை எதைச் சொல்லித் திட்டுவது?

கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து சிவப்புக் கரை போட்ட அழைப்பை எடுத்துக் கோமதியிடம் கொடுத்தார். ஏலத்தில் வந்த பணம் வட்டிக்கும் கோர்ட்டுச் செலவுக்கும் போதவில்லை. மிச்சம் அவள் பெயரில் நிற்கிறது என்றார். டிக்கிரி ஆன கடனுக்கு மூன்று வருஷம் இல்லை, பன்னிரண்டு வருஷம் ஆயுசு.

"பாக்கி இல்லைன்னு இப்பத்தானே வாசிச்சா?" என்றாள் கோமதி.

நான் மொழிபெயர்த்தேன். "அது அண்ணனுடைய புத்தகம், பௌதி. இது வேறே புத்தகம்" என்றார் அவர் மெதுவாக. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கோமதி அழைப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "வீடு தேடி வந்து கூப்பிட்டிருக்காங்க. போகலன்னா மரியாதையா இருக்காதுல்லா, அண்ணாச்சி?"

அதை வாங்கிவிடலாம் என்று நான் கையை நீட்டினேன்.

"என்ன போட்டிருக்குன்னு சொல்லு உலகா" என்று மகளிடம் நீட்டினாள்.

உலகம்மா இரண்டு கையையும் பாவாடைக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. கோமதி கெஞ்சினாள், அடித்தும் பார்த்தாள். நான் மிட்டாய் வாங்கிக்கொண்டு போய், டிராமில் உட்காரவைத்து, கடைப்பலகைகளைக் காட்டிக் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பாமல் தன் மடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.